பாதி நூல் வெளியே

12 ஆகஸ்ட் 1957, திங்கள். காஜா பேராங்.

சரோஜாவும் பாப்பாவும் வியாழனன்று நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறார்கள். இந்த மாதக் கடைசியில் இந்த நாட்டுக்கும் சுதந்திரம். அதற்குப் பிறகு இங்கே எப்படியிருக்குமோ என்று மாமனாருக்குப் பயம்; மகளையும் பேத்தியையும் ஊருக்கு அனுப்பச் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டு நானும் பின்னால் போவதாகப் பேச்சு.

இன்று நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேப்பில் ஒரு ஸ்லைடு பார்த்தேன். இரை தீர்ந்துபோன கிருமி, தன் உடம்பின் ஓரத்தில் சுவர் எழுப்பி, தடித்த தோல் போர்த்திய விதை ஒன்றைக் கட்டுகிறது. வம்சமெல்லாம் அடங்கிய குரோமோசோம் நூல் அதற்குள் போயாக வேண்டும். நான் பார்த்ததில் சுவர் அடைத்துவிட்டது போலிருந்தது. நூலில் பாதி இன்னும் வெளியே. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாலும் அப்படியேதான்.

வீட்டில் சரோஜா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச வேறொன்றும் தோன்றாமல் இதைச் சொன்னேன்.

"அப்புறம் மிச்ச நூலு உள்ள போச்சா, அந்துபோச்சா?"

"தெரியல. சாயம் போட்டாத்தான் கண்ணுக்குத் தெரியும். அதுக்குள்ள கிருமி செத்துரும். கதை அங்கயே நின்னுரும்."

அவள் கை நின்றது. "தீபாவளிக்குள்ள வந்துருவீங்கதானே?"

"பார்ப்போம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? 'வருவேன்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அவள் அலமாரியிலிருந்த என் பட்டு வேட்டியை எடுத்தாள். தன் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினாள்.

அந்த வேட்டி இல்லாமல் எந்தத் தீபாவளிக்கும் நான் கோயிலுக்குப் போனதில்லை. அது அவளுக்குத் தெரியும்.