மஞ்சள் முகத்து ஈ

1936 பிப்ரவரி 9, ஞாயிறு

இல்லை, தேனீ இல்லை. தேனீக்கு நான்கு சிறகு. இதற்கு இரண்டுதான். மற்ற இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு குமிழ். கொட்டாது. முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது கொடுக்கு அல்ல, தேன் உறிஞ்சும் குழல். மடக்கத் தெரியாத குழல். எங்கே போனாலும் நீட்டிக்கொண்டேதான் போக வேண்டும்.

ஜானு அக்காவிடம் இவ்வளவும் சொன்னேன். என் வீட்டுக்காரர் சீதாராமனின் அக்கா. இந்த வீட்டுக்கு நான் வந்து ஒன்றரை வருஷம். புருஷன் செத்து அவள் இந்தப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து ஒன்பது வருஷம். எட்ட நின்று கேட்டாள். செத்ததைத் தொடமாட்டாள், சாகடிப்பதைப் பார்க்கவும் மாட்டாள்.

"பஞ்சைப் பிச்சு ஒட்டினாப்பல இருக்கு. பஞ்சு ஈ."

தமிழில் இதற்கு என்ன பெயர் என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11

எறும்பு. ஈக்களை முள்ளில் குத்தி வைத்த பிஸ்கட் டின்னுக்குள் எப்படியோ புகுந்து, இதுவரை பிடித்திருந்த இரண்டையும் தின்றுவிட்டது. முள் மிச்சம். முள்ளின் அடியில் சில கால்கள்.

அழுதேன். சீதாராமன் கோர்ட்டிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "யாரு போனது?" என்றார். முகம் வெளுத்திருந்தது. ஈ என்று சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அதற்காக அவரை எவ்வளவு பிடித்தது என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சிம்மக்கல்லிலிருந்து வைகையைக் கடந்து செல்லூர்க் கரை. தண்ணீர் கணுக்காலுக்கு. சீதாராமன் குடை பிடித்தார், நான் வலை. மணலில் வெள்ளரி போட்டிருக்கும் செல்லத்தாய் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்னத்தப் பிடிக்கிறீக, தாயி?"

"ஈ."

"ஈயா? எங்க வீட்டுக்கு வாங்க. எம்புட்டு வேணும்?"

இந்த ஈ என்று காட்டினேன். "அட, இதுவா. பூவுக்கு நேரா வந்து நிக்கும். உக்காராது. அந்தரத்துல நின்னுக்கிட்டே குடிச்சிட்டுப் போயிரும்." சீதாராமனைப் பார்த்து, "ஐயருக்கும் இதே சோலியா?" என்றாள். "எனக்குக் குடை உத்தியோகம்" என்றார் அவர்.

ஒன்பது கிடைத்தன. வீடு வந்து முள் குத்தி முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

பிப்ரவரி 29

பதின்மூன்று நாள் கழித்து இன்றுதான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க நேரம். (அப்பளம், விருந்தாளிகள், மாமியார் திவசம்.)

நீளம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முதுகில் அடர்ந்த மயிர், காய்ந்த புல்லின் நிறம். ஆணுக்குக் கண்கள் உச்சியில் ஒட்டியிருக்கின்றன. பெண்ணுக்கு நடுவே இடைவெளி. கால்கள் நூல். தொடை கறுப்பு, முழங்காலுக்குக் கீழே வெளிர். சிறகின் முன்பாதி காப்பிக் கறை, பின்பாதி கண்ணாடி.

இவையெல்லாம் புத்தகத்தில் வர்ணித்திருக்கும் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஈக்கும் உண்டு. ஆனால் அதன் முகமும் கழுத்துப்பட்டையும் வெள்ளை. இவற்றுக்குத் தங்க மஞ்சள், ஒன்பதுக்கும். அதன் சிறகில் கறை சரிவாக முடியும். இவற்றில் படி வெட்டினது போல முடிகிறது.

மறுபடியும் பார்த்தேன். மறுபடியும். சென்னையில் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது: ஓர் ஊர்ப்பக்கத்து உயிரெல்லாம் ஒரே மாதிரி கொஞ்சம் மாறியிருந்தால் அது துணையினம். இனத்துக்குள் ஒரு கிளை. மதுரைக் கிளை.

அடுப்பில் பால்.

மார்ச் 4

வர்ணனையும் வண்ணப் படமும் கல்கத்தா மியூசியத்தில் ஈக்களை ஆராயும் நிபுணருக்கு அனுப்பினேன். முகத்துக்கு மஞ்சள் தீட்டும்போது அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 19

பதில் வந்துவிட்டது. சிறகின் வித்தியாசம் மட்டும் என்றால் யோசித்திருப்பாராம். முகத்தின் நிறமும் சேர்ந்ததால் சந்தேகமில்லையாம். புதுத் துணையினம். அவர்கள் பத்திரிகையின் வரும் இதழில் என் பெயரோடு அச்சாகும். ஈக்களைப் பத்திரமாக அனுப்ப வேண்டும். அதற்கு என்ன பெயர் வைக்க விருப்பம் என்று கேட்டிருக்கிறார்.

என் பெயரோடு. சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு நாலு தடவை படித்தேன்.

மார்ச் 20

பெயர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அக்காவிடம் சொன்னேன், ஜானகி என்று எழுதியிருப்பதாக.

"ஈக்கா என் பேரு?"

"பஞ்சு ஈக்கு."

"கொசுவுக்கு வெக்காம விட்டியே." முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "இங்கிலீஷ் எழுத்துலயாடி வரும்?"

மார்ச் 24

குழலை அளக்க வேண்டும். ஒன்றின் தலையை மட்டும் சலவைச் சோடா கரைத்த நீரில் போட்டேன். இளகினால் குழல் நேராக நிற்கும்.

நீர் சிவந்தது.

ரத்தம் இல்லை. ஈக்கு ரத்தம் இப்படிச் சிவப்பில்லை. கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். இந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகி இந்த வாசலில் நின்றபோது தட்டில் வைத்துச் சுற்றின சிவப்பு. ஆரத்தி. சுண்ணாம்பு பட்டாலும் சோடா பட்டாலும் மஞ்சள்பொடி இப்படித்தான் சிவக்கும்.

தலையை எடுத்துக் கழுவினேன். முகம் வெள்ளை. சுத்த வெள்ளை. கோயம்புத்தூர் ஈ.

மார்ச் 25

"அக்கா, டின்னுக்குள்ள மஞ்சள்பொடி போட்டேளா?"

அவள் முகம் மலர்ந்ததே — அதை எப்படி எழுத.

"கண்டுபிடிச்சுட்டியா! வாசனை வந்துடுத்தா? அன்னிக்கு அப்படி அழுதியே. நீ கொண்டுவந்த அன்னியிலேர்ந்து வாரா வாரம் ஒரு சிட்டிகை. கண்ணை மூடிண்டு உள்ளங்கையில வெச்சு ஊதிடுவேன். அப்புறம் ஓர் எறும்பு வந்ததா? சொல்லு."

"வரலை."

"பாத்தியா."

மார்ச் 26

சொல்லவில்லை. அவளிடமும் இல்லை, கல்கத்தாவுக்கும் இல்லை.

மார்ச் 27

ஊதினால் போகவில்லை. மயிரின் வேர் வரைக்கும் இறங்கியிருக்கிறது, அத்தனை மென்மையான பொடி. அத்தனை கவனமாகப் போட்டிருக்கிறாள். பிடித்த அன்றே முகத்தைப் பார்த்திருக்க வேண்டியது நான். பார்க்காமல் பதின்மூன்று நாள் அப்பளம் இட்டது நான்.

சீதாராமனிடம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார். "மஞ்சள் பூசிண்டு மங்களமா இருக்கு உன் ஈ. சுமங்க—" நிறுத்திக்கொண்டார். அடுத்த அறையில் அக்கா.

பிறகு மெதுவாக, "கல்கத்தாக்காரர் சோடாவில போட்டுப் பாப்பாரா?"

"மாட்டார்."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அது சரி" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டார். "தந்தி ஆபீஸ் ஆறு மணி வரை."

அச்சை நிறுத்தவும். நிறம் பொய். கடிதம் பின்னால். — நான்தான் எழுதினேன். தந்தி குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு, "எந்தச் சாயப்பட்டறைம்மா?" என்று கேட்டார்.

மார்ச் 28

வீட்டிலிருந்து தந்தி போனால் மறைக்கவா முடியும்? அக்கா கேட்டாள். சொன்னேன். ஒவ்வொன்றாக, சோடா, சிவப்பு, வெள்ளை முகம் எல்லாம்.

அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரே வேளை சாப்பிடுகிறவள், அதையும்.

சாயங்காலம் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். "உங்க பேரு போயிடுத்துன்னு கோவமா?"

"எனக்கு எதுக்குடி பேரு. உன் பேருன்னா அச்சுல வரதா இருந்தது." அப்புறம்தான் அழுதாள். நானும். தண்ணீர் எடுக்க வந்த சீதாராமன் குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழு மணிக்கு மேல் இரண்டு பேரும் மோர் சாதம் தின்றோம். எறும்புக்கு நாப்தலின் உருண்டை போதும் என்று சொல்லிவைத்தேன். "அந்த நாத்தமா? மஞ்சள் எவ்வளவோ தேவலை" என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

ஏப்ரல் 8

கல்கத்தா: நிறுத்திவிட்டார். கோபமில்லை, அன்பும் இல்லை. அல்லது இரண்டும் தெரியாத இங்கிலீஷ். சிறகின் படி மட்டும் நிற்குமா என்று பார்க்க வேண்டுமாம். அடுத்த பருவத்தில் ஒரு டஜன், புதிதாகப் பிடித்து, அன்றே பார்த்து. எல்லாவற்றிலும் படி இருந்தால் துணையினம் நிற்கும். இல்லையென்றால் இல்லை.

மே 6

அழகர் ஆற்றில் இறங்கினார். மணல் தெரியாமல் ஜனம். ஈ ஒன்றும் கிடையாது. எல்லாம் புழுவாக மண்ணுக்கடியில் இருக்கும். யார் காலடியில் என்று தெரியாது.

1937 ஜனவரி 17, ஞாயிறு

சீதாராமனுக்குக் காய்ச்சல். தனியாகப் போகிறேன் என்றேன். அக்கா கொடியிலிருந்து குடையை எடுத்தாள். விடியற்காலை ஸ்நானத்துக்குத் தவிர அவள் ஆற்றுக்கு வந்து நான் பார்த்ததில்லை. பதினோரு மணி வெயில். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

நான் பிடித்து, கொல்லும் மருந்துப் புட்டியில் போடும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீதி நேரம் கண் எடுக்காமல் பார்த்தாள்.

"ஏண்டி, அது ஏன் மணல்ல உக்காந்து பின்பக்கத்தை அப்படி நடுக்கறது? எழுந்து போய்க் குழிக்கு மேல நின்னு எதையோ சுண்டறது. மறுபடி வந்து உக்காந்து நடுக்கறது."

சுண்டுவது முட்டை. தனியாக வாழும் தேனீக்கள் தோண்டின குழிகளில் எறிகிறது. அது தெரியும். மணலில் ஏன் உட்காருகிறது என்று தெரியாது. எனக்கு உட்காரும் ஈ கண்ணிலேயே படவில்லை. வலை கையில் இருந்தால் பறப்பதுதான் தெரிகிறது.

"அக்காளா?" என்றாள் செல்லத்தாய். "வாங்க, நிழல்ல நில்லுங்க." ஒரு வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தாள். அக்கா ஆற்றில் அலம்பி, அங்கேயே நின்று தின்றாள்.

பன்னிரண்டு ஈ.

இரவு

அன்றே பார்த்தேன். முகம் பன்னிரண்டுக்கும் வெள்ளை. சிறகு: ஏழில் படி, ஐந்தில் சரிவு.

பழைய ஒன்பதையும் எடுத்து வரிசையாக வைத்தேன். இரண்டில் சரிவுதான் இருக்கிறது. படி என்று எழுதியிருக்கிறேன். அது மஞ்சள்பொடி பண்ணின காரியம் இல்லை. என் ஆசை.

ஜனவரி 18

துணையினம் இல்லை. ஒரே மணலில் இரண்டு விதமும் பிறக்கின்றன. அப்படியே எழுதி அனுப்பினேன். தாளில் இடம் மிச்சமிருந்தது. அக்கா பார்த்ததையும் எழுதினேன், அக்கா பார்த்தது என்றே.

அவளிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பேரு இல்லையா?"

"இல்லை."

"பஞ்சு ஈன்னு இருக்கே" என்றாள். சற்றுக் கழித்து, "உனக்கு ரொம்ப வலிக்கறதா?" என்றாள்.

வலிக்கிறது என்றேன். ஈரக் கையாலேயே என் தலையைத் தடவினாள்.

பிப்ரவரி 6

கல்கத்தா. முதல் பாதி: ஒப்புக்கொள்கிறேன், வர்ணனையைக் கிழித்துவிட்டேன். மறுபாதி: "இருபது வருஷமாக நான் இவற்றை முள்ளில்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் நாத்தனார் சொல்வதை நான் எங்கும் படித்ததில்லை. ஓர் ஈ எத்தனை தடவை மணலில் உட்காருகிறது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம்? அவரால் எண்ண முடியுமா?"

தமிழில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவருக்கென்ன, கல்கத்தாவில மணல் இல்லையா?" என்றாள். பிறகு, "கொல்ல வேண்டாமே, இதுக்கு?"

வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 7, ஞாயிறு

புட்டியை இறுக மூடி வலையோடு பரணில் வைத்தேன். சீதாராமனிடம் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு, பத்தரை மணிக்கு அக்காவோடு ஆற்றுக்குப் போனேன்.