கோட்டையில் கட்டிய தொண்டை

என்னவருக்கு,

தொண்டை கட்டிவிட்டது, பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று அந்தப் பழைய கோட்டைக்குப் போனேன். போன மாதம் ஆபீஸ் வேலையாகப் போனபோது தனியாகச் சுற்றிப் பார்த்தீர்களே, அதேதான். "வெறும் கல்லும் தூசியும்தான், உனக்குப் போரடிக்கும்" என்றீர்கள். தூசி என்று சொல்லித்தான் மூன்று நாள் குரலே இல்லாமல் கிடந்தீர்கள்.

தூசி ஒன்றும் இல்லை. உச்சியிலிருந்து தண்டவாளத்தில் சறுக்கி இறங்கும் வண்டி இருக்கிறது. கீழே வரும்வரை கத்தினேன்.

டிக்கெட் கிழிக்கும் அம்மாள் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். "தனியாளை ஏத்த மாட்டோம். பொம்பளைன்னா துணைக்கு நான் ஏறுவேன், ஆம்பளைன்னா ஜோடியோடதான் வரணும்."

அன்று உங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தது நான். பக்கத்தில் உட்கார்ந்து கத்தியவருக்கு யார் வைத்துக் கொடுத்தார்கள்?

தன் வெந்நீரைத் தானே வைத்துக்கொண்ட,
உங்கள் வீட்டுக்காரி