கிழக்குப் பக்கத்து ஜன்னல்

மே 18, ஞாயிறு

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். சாமியார் பள்ளிக்கூடத்துக்குள் பெண் பிள்ளைகள் ஒருநாள் புத்தகப் பையோடு நடந்து வருவார்கள் என்று பதினைந்து வருஷத்துக்கு முன்பே டீக்கடையில் வைத்துச் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. மீதிப்பேர் இன்று கூட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கே நல்ல வெயில். பல் வலி வேறு. கிராம்பு வைத்துக்கொண்டு போனேன்.

பழைய மாணவர் சங்கக் கூட்டம். இருநூறு பேர். (நாற்பது இருக்கும்.) ஆரம்ப ஜெபம். கிறிஸ்தவர்களை விட நான்தான் சத்தமாகச் சொன்னேன், ஒரு வரி மறக்கவில்லை. வைர விழாவுக்குப் பந்தல், மலர் வெளியீடு, சாப்பாடு என்று பேசுவார்கள் என்று பார்த்தால், தாளாளர் பாதர் எழுந்து, "இந்த வருஷத்துல இருந்து பிளஸ் ஒன்ல பொம்பளைப் பிள்ளைகளையும் சேக்கலாம்னு இருக்கோம். சங்கத்தோட சம்மதம் வேணும்" என்றார்.

எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு இல்லை, நான் எதிர்பார்த்தேன். கிராம்பை மட்டும் விழுங்கிவிட்டேன்.

தேன்மொழி விஷயத்தை இங்கே குறித்து வைக்க வேண்டும். என் தங்கச்சி மகள் செல்வியின் பெண். பத்தாவதில் நல்ல மார்க். நர்ஸ் ஆக வேண்டுமாம், பயாலஜி குரூப் வேண்டுமாம். அந்த குரூப் சாமியார் பள்ளியில் உண்டு, வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் பையன்களுக்கு மட்டும். இல்லையென்றால் ஆலங்குடி. திரும்பி வர பஸ் இருட்டிய பிறகுதான். சிங்கப்பூரில் இருக்கும் அவள் அப்பன் போனில் ஒரே பேச்சு: "பஸ்ஸெல்லாம் வேணாம். பக்கத்துல கெடைச்சா படிக்கட்டும். இல்லைன்னா தையல் கத்துக்கட்டும்." செல்வி மெஷின்கூட விசாரித்து வைத்துவிட்டாள்.

சூசை சார் எழுந்தார். சங்கத் தலைவர். இதே பள்ளியில் படித்து, இங்கேயே கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். "பெரிய சாமியார் பையன்களுக்குன்னு ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் இது. அறுவது வருஷத்துல ஒரு பொம்பளைப் பிள்ள இங்க வகுப்புல ஒக்காந்தது கெடையாது. அவரு ஆத்மா மன்னிக்குமா?" என்றார். கைதட்டல்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒக்காந்துச்சு சார். நான் பாத்தேன்" என்றேன்.

கைதட்டல் நின்றது. எல்லாத் தலையும் இந்தப் பக்கம்.

"ஆரம்ப வருஷம். கீத்துக் கொட்டகையில பள்ளிக்கூடம் நடந்தப்ப. போர்டிங்ல சமைச்ச அந்தோணியோட மக. பெரிய சாமியாரே கையப் பிடிச்சுக் கூட்டியாந்து, கெழக்குப் பக்கச் சன்னலோரமா ஒக்கார வச்சாரு. நான் அதுக்கு நேர் பின்னால."

"பேரு?"

"பேரு நெனப்பில்ல. சடை நெனப்பிருக்கு."

சிரித்தார்கள். சூசை சார் சிரிக்கவில்லை. அவர் சேரும்போது கல் கட்டடம் வந்துவிட்டது. கொட்டகைக் காலத்துப் பையன்களில் இன்றைக்கு அங்கே இருந்தது நான் ஒருவன்தான்.

"சரிங்க சுப்பையா. ரிஜிஸ்டரப் பாப்போம். அப்படி ஒரு பிள்ளை இருந்துச்சுன்னா மொதக் கையெழுத்து நான் போடுறேன். இல்லைன்னா இந்தப் பேச்ச இந்த வருஷம் எடுக்கக் கூடாது."

பாதரும் தலையாட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு முடிவு.

வீட்டுக்கு வந்தால் வாசலில் செல்வி. எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. "மாமா, நெசமாவா?"

"நான் என்னைக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

உள்ளே போய் மோர் எடுத்துவந்து கொடுத்தாள்.

மே 19, திங்கள்

மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வரவில்லை. முந்திரிக்கொட்டை காயப்போட்டது.

விழா மலருக்கு நான் சொல்ல வேண்டியவை:
மணி. ரயில் தண்டவாளத் துண்டு. அடித்தால் கீரமங்கலம் வரை கேட்கும். (சரி, அடுத்த ஊர் வரை.)
மத்தியானம் அமெரிக்கப் பால்பவுடர், கோதுமைச் சோறு. அந்தோணி கரண்டியால் மண்டையில் தட்டியது.
கிணறு வெட்டும்போது பெரிய சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் சுமந்தது.
அவர் சைக்கிளை நான் ஒருநாள் எடுத்து ஓட்டி வேலியில் விட்டது. (இதைச் சொல்ல வேண்டாம்.)

டீக்கடையில் ஜன்னல் கதையை ஐந்து தடவை சொல்ல வேண்டியதாயிற்று. ஐந்தாவது தடவை பெரிய சாமியார் அந்தப் பிள்ளைக்குத் தன் பேனாவையே கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் தேன்மொழி வந்தாள். "தாத்தா, அந்தப் பிள்ளை என்ன கலர் பாவாடை?"

"ஊதா."

நோட்டில் எழுதிக்கொண்டாள். எதற்கு என்றேன். "எனக்கு முன்னாடி ஒருத்தங்க இருந்திருக்காங்கள்ல. தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்." அவள் எழுதியதைப் பார்த்த பிறகு, ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மே 21, புதன்

ரிஜிஸ்டர் பார்த்த நாள்.

ஆபீஸ் அறை. பாதர், சூசை சார், கிளார்க், நான். பீரோவைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாடை. முதல் ரிஜிஸ்டரின் ஓரமெல்லாம் கரையான் தின்றது. பேர்கள் தப்பித்திருக்கின்றன. நீல மை, பெரிய சாமியாரின் சாய்ந்த எழுத்து. அப்பா தொழில் என்ற இடத்தில் விவசாயம், விவசாயம், கூலி, விவசாயம். அத்தனையும் பையன்கள். கிளார்க் விரல் வைத்து வைத்து வந்தார். எச்சில் தொட்டுப் புரட்டினார். பெண் பெயர் ஒன்றுகூட இல்லை.

இல்லை என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் பெயர் வந்தது. சூசை சார் கண்ணாடியைச் சரிசெய்து சத்தமாக வாசித்தார்: "வீ. சுப்பையா. எட்டாம் வகுப்பு. நீண்ட நாள் வராமை. பெயர் நீக்கம்."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சவருன்னுல்ல கேள்விப்பட்டேன்?"

"அது வேற சுப்பையா" என்றேன்.

கிளார்க் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அந்தக் கோபத்தில்தான் பிறந்த தேதி என் கண்ணில் பட்டது. எனக்கு ஜூன் ஒன்று. எனக்கு மேலே இருந்தவனுக்கு ஜூன் ஒன்று. கீழே இருந்தவனுக்கும். அந்தக் காலத்தில் எவனுக்குப் பிறந்த தேதி தெரியும்? சேர்க்கும்போது பெரிய சாமியாரே போட்டுவிட்டது.

"சார், இதுல இருக்கறதெல்லாம் நெசம்னா, ஊர்ல பாதிப்பேரு ஒரே நாள்ல பொறந்திருக்கோம். நம்ம ஊர்ல மருத்துவச்சி ஒருத்திதான் இருந்தா. அவ எத்தன வீட்டுக்கு ஓடுவா?"

பாதர் சிரித்துவிட்டார். "பேரு எழுதாமலும் ஒக்கார வச்சிருக்கலாம்தானே, சார்" என்றார்.

"அப்ப ஆளக் காட்டச் சொல்லுங்க சாமி. நேர்ல வந்து சொல்லட்டும், ஒத்துக்கிறேன்."

என் வாய் இருக்கிறதே. "அது அப்பவே மஞ்சக் காமாலையில போயிருச்சு சார்" என்றேன்.

சூசை சார் ரிஜிஸ்டரை மூடினார். "அதானே பாத்தேன்."

மே 23, வெள்ளி

மத்தியானம் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்போது பாதர் போன்.

"ஐயா, சந்தோஷமான சேதி. அந்தோணி சொந்த ஊரு மணமேல்குடியாம். அங்க இருக்கிற பங்குச் சாமியார்ட்ட விசாரிச்சேன். மக உயிரோடதான் இருக்காங்க. ஆரோக்கியமேரி. கருவாட்டு யாவாரம் பண்றாங்களாம். ஞாயித்துக்கெழம கூட்டியாந்துர்றேன்."

செல்போன் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. ஆடு அதையும் ஒரு முறை முகர்ந்தது.

அந்தோணிக்கு நிஜமாகவே மகள் உண்டாம்!

போனை அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அந்த அம்மா வந்து "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. என் மானம் போகட்டும், அது எட்டாம் வகுப்போடு போய்விட்டது. தேன்மொழி?

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைக்குப் பல் பிடுங்கப் போய்விடலாமா என்று பார்த்தேன். ஞாயிறு டாக்டர் இல்லையாம்.

செல்வி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த அம்மா உயிரோடு இருக்கும் சேதியை சிங்கப்பூருக்குச் சொல்லிவிட்டாளாம். "அவுகளே சொல்லிட்டாக மாமா, கெடைச்சா சேத்து விடுன்னு. எல்லாம் ஒங்களாலதான்." நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மே 25, ஞாயிறு

மேகமூட்டம். காற்று. பல் வலி இல்லை. பயத்தில் அதுவும் ஓடிவிட்டது.

எல்லாருக்கும் முன்னால் கேட்டில் போய் நின்றேன். அந்த அம்மா காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. பாதர் கார் வந்தது. வெள்ளை முடி, தடித்த கண்ணாடி, நெத்திலி வாடை. இறங்கியதும் அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் சுப்பையாவா? என்னையக் காமாலையில கொன்னவன்?"

"ஆத்தா, அது வந்து..."

"ஆத்தாவா? ஒனக்கும் எனக்கும் ரெண்டு வயசு இருக்குமா? அக்கான்னு சொல்லு."

பாதர் முன்னால் போய்விட்டார். அக்கா நடக்க முடியாதவர் போல என் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி, தராசு பிடித்த கை. "சாமி வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு. அந்தப் பேத்தி எது?"

வேப்பமரத்தடியில் செல்வியோடு நின்ற தேன்மொழியைக் காட்டினேன். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது பிள்ளை. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில், "சன்னல் எந்தப் பக்கம்னு சொன்ன?"

"கெழக்க" என்றேன்.

"ம். நட."

உள்ளே சூசை சார் மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, நீங்க இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா?"

"படிச்சேன்னு சொல்ல மாட்டேன் சார். ஒக்காந்தேன். கெழக்குப் பக்கச் சன்னலோரம். மழை பேஞ்சா சாரல் அடிக்கும். இந்தத் தம்பி பின்னாலேருந்து துண்ட மடிச்சு சன்னல் கட்டையில வைக்கும். தங்கமான தம்பி. கணக்குத்தான் வராது."

கூட்டம் சிரித்தது. துண்டு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவே இல்லை. எனக்கே தோன்றவில்லை!

"ரிஜிஸ்டர்ல பேரு இல்லையேம்மா?"

"எழுதல சார். சட்டி கழுவுற பிள்ளைக்குப் பேரு எதுக்குன்னு நெனச்சாகளோ என்னமோ. எழுதியிருந்தா நான் ஏன் இந்த வயசுல நெத்திலிய கூறு போட்டு வித்துக்கிட்டு இருக்கேன்?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. சூசை சார் விடுவாரா. "வகுப்புல நடந்த பாடம் ஏதாவது நெனப்பிருக்கா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். பழைய ராகம், பெரிய சாமியார் சொல்லிக் கொடுத்த அதே இழுவை. மூச்சு விடாமல் நூற்று அறுபது வரை. பாதியிலிருந்து சூசை சார் உதடும் கூடவே அசைந்தது. முடிந்ததும் அவர் பேனாவை எடுத்துத் தீர்மானத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார். வெளியே செல்வி அழுகிற சத்தம் கேட்டது.

புறப்படுவதற்கு முன் சமையல்கட்டைப் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. நான் கூட்டிப் போனேன். இப்போது அது கட்டடச் சாமான் போடும் அறை. அதன் பின்பக்கம் ஒரு தட்டைக் கல் இன்னும் கிடக்கிறது. அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இங்கன ஒக்காந்துதான் சட்டி தேப்பேன். வாய்ப்பாடு அங்கிட்டு கொட்டகையிலேருந்து வரும். நடுவுல மணி அடிச்சிருச்சுன்னா மிச்சத்துக்கு மறுநாள் வரைக்கும் காத்துக் கெடக்கணும். ரெண்டு தடவை கிட்டப் போய் நின்னு பாத்தேன். எங்கப்பன் கரண்டியோட தொரத்துனாரு."

ஏழு வயதில் ஆரம்பித்த வாய் இது, ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. இன்று கைதான் தோள் துண்டை எடுத்து அந்தக் கல்லைத் துடைத்தது.

காரில் ஏறும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். நெத்திலி. "பேத்திக்கு வறுத்துக் குடு. மூளைக்கு நல்லது."

மே 27, செவ்வாய்

விடிகாலையில் மழை. மோட்டார் ஓடுகிறது, இப்போது தேவையில்லை. போனும் பிழைத்துவிட்டது.

தேன்மொழி சேர்ந்துவிட்டாள். பாதரே ரிஜிஸ்டரில் எழுதினார். பிறந்த தேதி ஆஸ்பத்திரிச் சான்றிதழில் உள்ளபடி. பிள்ளை எட்டிப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லை என்று உறுதிசெய்துகொண்டது. "தாத்தா, எனக்கு சன்னலோரமா எடம் குடுப்பாங்களா?" என்றது.

அவர்கள் போன பிறகு பாதர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். மலருக்காகத் தேடியதில் பழைய போட்டோ ஒன்று கிடைத்ததாம். பெரிய சாமியார், கரண்டியோடு அந்தோணி, வரிசையாகப் பையன்கள். "இதுல நீங்க எங்க இருக்கீங்க ஐயா?" முன் வரிசையில் காது விடைத்த ஒருவனைக் காட்டினேன். நானாகத்தான் இருக்கும்.

அப்புறம்தான் பின்னால் இருந்த கொட்டகையைப் பார்த்தேன்.

பாதர் போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். "வெளிச்சம் பத்தல. மலர்ல போட்டா தெளிவா வராது" என்று மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். "அந்தச் சன்னலப் பத்தி மட்டும் நீங்களே ஒரு பக்கம் எழுதிக் குடுத்துருங்க ஐயா."

சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

சாப்பிட்டதிலிருந்து உட்கார்ந்து எழுதப் பார்க்கிறேன். எதையும் எழுத வராமல் இருந்ததே கிடையாது எனக்கு. சாரல் எழுதலாம், துண்டு எழுதலாம், ஊதாப் பாவாடை எழுதலாம். போட்டோதான் கண் முன்னால் நிற்கிறது. நாலு பக்கமும் பனங்கால், மேலே கீற்று. அவ்வளவுதான். நான் படித்த கொட்டகை அதுதான், எனக்குத் தெரியாததா. சுவரே கிடையாது. ஜன்னல் நான் வைத்தது.