மூன்றாம் படுக்கையில் இருப்பவள்

டைட்டன் நிலையம், உடல் காப்பறை. எழுதுவது: மருத்துவர் தில்லைநாயகி.

நாள் 1, 08:00
குளிர் 4 டிகிரி. மனத்தைப் புது உடலுக்கு மாற்றிய பிறகு பழைய உடலைத் தொண்ணூறு நாள் உறங்க வைப்பது விதி. இப்போது மூன்று உடல்கள். இரண்டின் சொந்தக்காரர்கள் புது உடலோடு சுரங்கத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது என் பழைய உடல்; நான் இப்போது புது உடலில். பழைய உடலிலும் மனம் இருக்கிறது என்று வாதாடுபவள் நான். மெக்கானிக் பச்சையப்பன் ஓருயிர்ச் சபைக்காரர். உயிர் ஒன்றுதான், அது புது உடலுக்குப் போய்விட்டது, பழையது வெறும் கூடு என்பார். நிலையத்தில் நாங்கள் இருவர்தான். சாப்பாட்டு மேசையில் தினமும் இதே சண்டை. மூன்றாம் படுக்கையில் இருப்பவள் விழித்துக்கொண்டால் நீங்கள் யார் என்று இன்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாள் 4, 07:40
முதல் படுக்கைக்குக் காற்று தரும் குழாய் வெட்டப்பட்டிருக்கிறது. உடல் இறந்துவிட்டது. மணிக்கட்டில் வெள்ளை நூல். சபையார் இறந்தவர்களுக்குச் சுற்றும் நூல் அது.

நாள் 5, 07:30
இரண்டாம் படுக்கையும் போயிற்று. அதே நூல். பச்சையப்பன் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். கடவுள் பெயரால் கத்தி எடுப்பவர்களுக்கு நன்றாகப் பசிக்கும்போல. அடுத்தது நான். அதாவது, அவள்.

நாள் 6, 10:15
பச்சையப்பன் ஆன்டெனாவைச் சரிசெய்ய வெளியே போனார். கதவைப் பூட்டிவிட்டேன். அவரிடம் ஐந்து மணி நேரக் காற்று இருக்கிறது. குழாய்களை வெட்டியதை ஒப்புக்கொண்டால் திறப்பேன் என்று ரேடியோவில் சொன்னேன்.

10:50, ரேடியோ
“டாக்டரம்மா, கதவத் தெறங்க. நான் தொடல. வெறுங்கூடுன்னு நெனக்கிறவன் அத எதுக்கு வெட்டணும்? உள்ள ஆள் இருக்குன்னு பயப்படுறவங்கதான வெட்டுவாங்க?”
மதக்காரருக்கு வாதத்துக்கா பஞ்சம். திறக்கவில்லை.

13:20, ரேடியோ
“அந்த நூல்ல முடிச்சு இருக்கான்னு பாருங்கம்மா. நாங்க சும்மா சுத்தித்தான் விடுவோம். போற உயிரக் கட்டக்கூடாது.”

15:30
போய்ப் பார்க்க மனம் வர எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. முடிச்சு இருக்கிறது. இடக்கை ஒன்றால் போடும் தையல் முடிச்சு. இருபது வருடமாக நான் போடுவது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காற்று 15:15க்கே தீர்ந்திருக்கிறது. பச்சையப்பன், என்னை மன்னித்துவிடுங்கள்.

15:50
அவள் உறங்குகிறாள். குழாய்கள் அப்படியே இருக்கின்றன. எனக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் என் சட்டைப்பையில் வெள்ளை நூல்கண்டு இருக்கிறது.

15:58
வருபவர்களுக்கு: அவளை எழுப்புங்கள். என்னை நம்பாதீர்கள். வலக்கையால் எழுதுகிறேன். இடக்கையைப் பேண்டேஜால் நாற்காலியோடு கட்டியிருக்கிறேன். கட்டு தளர்கிறது. அந்தக் கைக்கு முடிச்சை அவிழ்க்கவும் தெரி