பூட்டாத கதவு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் தணிக்கை அலுவலருக்கும் வணக்கம். என் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை, பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சிறைச் சமையற்கட்டில் உங்களோடு வெங்காயம் உரித்த நாலு வருஷத்தில் நான் உங்களிடம் எதையும் மறைத்ததில்லை. இப்போது பத்து நாளாக மறைக்கிறேன். உங்கள் தம்பி காய்ச்சலில் போய்விட்டான் என்று எங்கள் மறுவாழ்வு அலுவலகம் உங்களுக்கு எழுதியது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான்.

நோய் பரவுகிறது, உள்ளே கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று அவனை முன்கூட்டியே விட்டார்கள். வாசலில் போய்க் கூட்டி வந்தவன் நான். உள்ளே இருந்து வந்தவனே உள்ளே இருந்து வருபவனுக்குத் துணையாள், இதுதான் இப்போது என் வேலை. வழியில் மருந்துக்கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், யாராவது திறப்பார்கள் என்று. நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்த புதிதில் நானும் தங்கை வீட்டுக் குளியலறை முன்னால் இப்படித்தான் நின்றேன். அவள் மகள் இன்னும் அதைச் சொல்லிக் கிண்டலடிக்கிறாள். ஒன்பது வருஷமாக எந்தக் கதவையும் தானாகத் திறக்காத கை அவனுடையது. அவனும் சிரித்தான். சிரிப்போடு விட்டுவிட்டேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

புதிதாக வருபவர்கள் பத்து நாள் தனியாக இருக்க வேண்டும். மாடியில் ஒற்றை அறை. ரொட்டி, பழம், மாத்திரை, ஒரு போன் எல்லாம் உள்ளேயே வைத்தேன். அவசர எண்ணைச் சுவரில் ஒட்டினேன். அவன் அசட்டையாக இருந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்:

"நான் வந்து சொல்ற வரைக்கும் வெளிய வராத."

மூன்றாம் நாள் எனக்கே காய்ச்சல் வந்து சுருண்டு விழுந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். போன் வீட்டில் சட்டைப் பையிலேயே கிடந்தது. அலுவலகத்தில் பாதிப்பேர் படுக்கையில்; என் இடத்துக்கு ஆள் போட யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் தங்கை போனைக் கொண்டுவந்தாள். பதினோரு தடவை கூப்பிட்டிருந்தான். சுவரில் ஒட்டிய அவசர எண்ணை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு குரல் பதிவும் இருந்தது.

"அண்ணே, காய்ச்சல் ஜாஸ்தியா இருக்கு. மூச்சு வாங்குது. நான் கதவத் திறக்கல. நீங்க வந்து சொல்லுங்க."

தங்கையை ஓடச் சொன்னேன். கதவு பூட்டியே இல்லை அண்ணே. தள்ளினாள், திறந்துகொண்டது. சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, செருப்பு மாட்டி, கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தானாம். உடம்பு சில்லிட்டிருந்தது. கீழ் வீட்டம்மாவுக்கு முந்தின நாள் தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர் எதற்குத் தட்ட வேண்டும் என்று நினைத்தாராம். நோய்க்குப் பயந்து மேலே ஏறவும் இல்லை. இப்போது என்னைப் பார்த்தாலே அழுகிறார். அவரை நான் என்ன சொல்ல? நான் சொன்ன சொல்தான் அவனை உள்ளே வைத்தது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

செவ்வாய்க்கிழமை உங்களுக்கு விடுதலை. நாளையோ மறுநாளோ ஒரு படிவம் தருவார்கள். துணையாள் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். அதை அடித்துவிட்டு வேறு ஆளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதெல்லாம் தெரியாமல் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது என்றுதான் எழுதினேன்.

அந்த அறையைத்தான் உங்களுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு நோய் வந்து போய்விட்டதால் பத்து நாளும் உங்களோடு உள்ளேயே தங்க அனுமதி வாங்கியிருக்கிறேன். அங்கே என்னை அடியுங்கள், காறித் துப்புங்கள், ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருங்கள். உங்களுக்கு மூச்சு வாங்கினால் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். என் பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள் அண்ணே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரோடு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
தம்பி என்று சொல்லிக்கொள்ள அருகதை இல்லாத,
ஒல்லி