இடம் இல்லையா?

மார்ச் 4

தலை கொதிக்கிறது. ஆஸ்பத்திரி டெலிபோன் மேசையில் ஏழு வருஷம் உட்கார்ந்தவளை இன்று எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொன்னார்கள்.

நேற்று ஒருவரை லைனில் காத்திருக்கச் சொல்லும்போது ‘ஹேங் ஆன்’ என்று சொல்லிவிட்டேனாம். அவர் புகார் செய்திருக்கிறார். மேற்பார்வையாளர் கூப்பிட்டார். எதற்கெடுத்தாலும் ப்ளீஸ் போடுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ப்ளீஸ் சார்.

“ஹேங் ஆன்னு ஃப்ரெண்டுகிட்ட சொல்லலாம். ஹோல்ட் ஆன்னா அதட்டுற மாதிரி. ஜஸ்ட் எ மினிட்டுன்னா பொய். எந்த டாக்டர் ஒரு நிமிஷத்துல லைனுக்கு வந்திருக்கார், சொல்லுங்க ப்ளீஸ்?”

அதில் தப்பில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

இனி எல்லோரும் ஒரே வாக்கியம்தான் சொல்ல வேண்டும்: ‘மே ஐ பிளேஸ் யூ ஆன் ஹோல்ட், ப்ளீஸ்?’ யார் கூப்பிட்டாலும், எந்த மொழியில் பேசினாலும். அட்டையில் அச்சடித்து மேசையில் ஒட்டியாயிற்று. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பக்கத்து சீட் அக்கா குனிந்துகொண்டாள். சிரித்தாளா, பாவப்பட்டாளா தெரியவில்லை.

மார்ச் 5

நாள் முழுக்க அதே வாக்கியம். தாடை வலிக்கிறது.

மார்ச் 7

வீட்டில் இவரிடம் சொன்னேன். சோறு வாயில் இருக்கும்போதே சிரிப்பு. “ஒண்ணு தொங்குங்கறே, ஒண்ணு பிடிங்கறே. எதைச் சொன்னாலும் அந்தாளு காத்துக்கிட்டுதானே கிடக்கணும்?”

எல்லாம் ஒன்றில்லை. ‘ஹேங் ஆன்’ என்றால் நானும் கூட இருக்கிற மாதிரி. இந்தப் புது வாக்கியம் ஆளை ஒரு மூலையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி. இதை விளக்கப் போனால் அதற்கும் சிரிப்பார். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

மார்ச் 11



மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். தமிழ். “அவரு குளிக்கற ரூம்ல விழுந்துட்டாரும்மா. வாய் கோணுது. பேச்சு குழறுது. கூட்டிட்டு வரட்டா?”

அவசரப் பிரிவுக்கு லைன் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் என் வாய் தானாகவே அதைச் சொல்லிவிட்டது. மே ஐ பிளேஸ் யூ —

“பிளேஸா? பிளேஸ் இல்லையா? இடம் இல்லையாம்மா?”

“இல்லைங்க, இருங்க —” என்பதற்குள் வைத்துவிட்டாள். ‘இல்லைங்க’ மட்டும்தான் அவள் காதில் விழுந்திருக்கும்.

திருப்பிக் கூப்பிட்டேன். எங்கேஜ்டு. மறுபடி. மறுபடி. அப்புறம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

கீழ் மாடியில் கட்டில் காலியாக இருந்தது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 12

ப்ளீஸ் சார் அந்த அழைப்பின் பதிவைப் போட்டுக் கேட்டாராம். “நீங்க ரூல்படிதான் பேசியிருக்கீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“தப்பில்லைன்னா அந்தம்மா எங்க சார்? அந்த மனுஷன் எங்க?”

“கத்தாதீங்க, ப்ளீஸ்.”

ப்ளீஸாம் ப்ளீஸ்! அட்டையைப் பிய்த்து அவர் மேசைமேலேயே போட்டேன். வீட்டுக்குப் போகச் சொன்னார். கூப்பிடும்போது வந்தால் போதுமாம்.

மார்ச் 14

இவர் சிரிக்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தை அவரே கழுவினார்.

மார்ச் 17

கிடைத்துவிட்டாள். குறித்து வைத்திருந்த நம்பருக்கு வீட்டிலிருந்து தினமும் அடித்தேன், இன்று எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும் நன்றி சொல்கிறாள்! எனக்கு!

“இழுத்தடிக்காம இடமில்லன்னு உடனே சொன்னீங்களே, அதுவே பெரிசும்மா. ரெண்டு எடம் அலைஞ்சு மூணாவதுல சேத்தோம். உயிருக்கு ஒண்ணுமில்ல. வலது கைதான் வரல. இன்னும் சீக்கிரம் வந்திருக்கணும்னாங்க. எங்க நேரம், யாரைச் சொல்றது?”

அப்படியே விட்டிருக்கலாம். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை. ஆனால் ‘எங்க நேரம்’ என்றாளே — அவங்க நேரமா அது? எவனோ அச்சடிச்ச அட்டைக்கு இவங்க நேரம் என்ன பண்ணும்?

“இடம் இருந்துச்சும்மா,” என்றேன். முழுவதையும் சொன்னேன். அட்டை, வாக்கியம், என் வாய் எல்லாம்.

“உன் பேரென்ன?” என்றாள். ‘நீங்க’ போய் ‘உன்’ ஆகியிருந்தது. சொன்னேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 20

புகார் கொடுத்திருக்கிறாள். பக்கத்து சீட் அக்கா போனில் கிசுகிசுத்தாள்: “உன் பேரும் இருக்குடி. ஒழுங்கா பேசினேன்னு மட்டும் சொல்லு, உன்னைக் காப்பாத்திடுவாங்க.”

யாரைக் காப்பாற்ற?

ஏப்ரல் 2

இன்று விசாரணை. நீளமான மேசை. ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக்காரர்கள். ப்ளீஸ் சார் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். எதிர்ப்பக்கம் அந்தப் பெண்ணும் அவள் கணவரும். அவர் வலது கையை ஒரு துணியால் தோளோடு கட்டியிருந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு.

மேசையைச் சுற்றிக்கொண்டு போனேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் காலி நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தேன்.