எதிர்வீட்டுக் கம்பத்துக் கொடி

மார்ச் 1, ஞாயிறு

இன்று காலை குளியலறையில் ஒளிந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயது, வழுக்கை, தொப்பை எல்லாம் உள்ள ஒரு ஆண்பிள்ளை குழாயைத் திறந்துவிட்டு, சட்டைகூடக் கழற்றாமல், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தான் என்பதை இந்த நோட்டைத் தவிர வேறெங்கும் எழுத முடியாது. ஏணி பிடிக்க ஆள் வேண்டுமென்று தெருச் சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். மனைவி வாசலில் நின்று, "குளிச்சிட்டு இருக்காரு" என்றாள். அரைமணி கழித்து மறுபடி வந்தார்கள். "இன்னும் குளிச்சிட்டுதான் இருக்காரு." சங்கச் செயலாளரின் குரல் தெளிவாகக் கேட்டது: "அவ்வளவு அழுக்கா?"

அடுத்த தெருவில் விளக்குக் கம்பம்தோறும் தேசியக் கொடி கட்டிவிட்டார்களாம். நம் தெரு மட்டும் மொட்டையாக இருந்தால் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று ஆகிவிடுமாம். செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வீட்டில் அதட்டிப் பார்த்தார். அவர் மனைவி காது கேட்கும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார். அதனால் தெருவை அதட்டுகிறார்.

சன்னலை லேசாகத் திறந்து பார்த்தேன். ஏணி உச்சியில் என் மச்சான், மனைவியின் தம்பி. எதிர்வீட்டுக் கம்பத்தில் கொடி கட்டுகிறான். தலைகீழாகக் கட்டுகிறான். மேலே வரவேண்டிய நிறம் கீழே. கீழே நின்றவர்கள் எல்லோரும் ஏணியைத்தான் பார்த்தார்கள், கொடியை ஒருவரும் பார்க்கவில்லை. வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

கழுத்து வலி. எதிர்வீட்டுப் பிசியோவிடம் போனேன். வேறு நாட்டிலிருந்து வந்தவள். வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. குடியுரிமை கிடைத்தது போன வருஷம். கணவன் இறந்தபின் அவளும் பத்து வயது மகளும்தான். வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு வைத்தியம். என்னை அண்ணா என்பாள், என் கழுத்தை ஈரத்துணி மாதிரி முறுக்குவாள்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணா. கொடி கட்டுறவங்க தெருமுனையில இருந்துதானே ஆரம்பிப்பாங்க? ஏன் நடுவுல, என் வீட்டுக் கம்பத்துல ஆரம்பிச்சாங்க?"

குப்புறப் படுத்திருந்தேன், முகம் கட்டில் ஓட்டைக்குள். அந்த நிலையில் ஒருவன் உண்மையைப் பேசுவது கஷ்டம். "தெருவுலயே உன் வீட்டுக் கம்பம்தான் நேரா நிக்குது. எல்லாம் உன் வைத்தியம்" என்றேன்.

சிரித்தாள். ஆனால் அவள் கை என் கழுத்தின்மேல் கொஞ்சநேரம் அசையாமல் இருந்தது.

"வாடகை ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியில முடியுது. புதுப்பிக்கலாமா வேண்டாமான்னு யோசனையா இருக்கு."

"அட, துணிதானே. துணிக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?"

மார்ச் 4, புதன்

ஏன் அவள் கம்பத்தில் ஆரம்பித்தாய் என்று மச்சானைக் கேட்டேன். "ஏணி அங்கதான் கிடந்துச்சு அத்தான்." நம்பலாம். பத்தடி ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை நடக்கிற ஜாதி இல்லை அவன். ஆனால் ஏணி ஏன் அங்கே கிடந்தது?

மார்ச் 8, ஞாயிறு

மழை. கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நனைந்த கோழி மாதிரி தொங்குகின்றன. மனைவி சன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவர் சவப்பெட்டிமேல் போர்த்திய கொடியை மடித்துக் கொடுத்தார்கள். அது எங்கள் அலமாரியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி வைப்பாள்.

"அதைத் தொடுறதுக்கு முன்னாடி நான் கை கழுவுறேன். இங்க காக்கா எச்சம் போடுது. மரியாதையாம், மரியாதை."

"அப்ப அவுத்துடச் சொல்லலாமா?"

"கட்டினதை யாருங்க அவுக்கிறது? கட்டினவனை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அவுக்கிறவன் துரோகி ஆயிடுவான்."

நான் பதினைந்து வருஷமாகப் பத்திரிகைக்கு எழுதியதில் இந்த அளவுக்கு ஒரு வரி இல்லை. பொறாமையாக இருந்தது. அடுப்படிக்குப் போய் அவள் வைத்திருந்த காபியைக் குடித்துப் பழி தீர்த்துக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

வாரப் பத்திரிகைக்குச் சிரிப்புப் பத்தி அனுப்பும் நாள். கையில் விஷயம் எதுவும் இல்லை. வேறு என்ன, கொடிதான். செயலாளரின் மூக்கை உடைப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினேன்: 'எங்கள் தெருவில் ஒரு கொடி தலைகீழாக நிற்கிறது. விசாரித்ததில், அதற்குக் கழுத்துப் பிடிப்பு என்றும், எதிரே இருக்கிற பிசியோ வீட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது என்றும் தெரியவந்தது.'

எழுதிவிட்டு நானே சிரித்தேன். இந்தத் தொழிலில் முதல் வாசகன் எப்போதும் விசுவாசமானவன்.

மார்ச் 13, வெள்ளி

பத்தி வந்துவிட்டது. ஆசிரியர் கூப்பிட்டு, "அந்தக் கழுத்துப் பிடிப்பு, பிரமாதம்" என்றார். மனைவி படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்தாள்.

"பிசியோன்னு ஏன் எழுதினீங்க?"

"அப்பதானே சிரிப்பு வரும்."

"நம்ம தெருவுல எத்தனை பிசியோ இருக்காங்க?"

மார்ச் 14, சனி

எதிர்வீட்டு வாசலில் நாலைந்து ஜோடி ஆம்பளைச் செருப்பு.

மார்ச் 15, ஞாயிறு

நடந்ததை அவள் என் மனைவியிடம் சொன்னாளாம். மனைவி எனக்குச் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"மரியாதையாத்தான் பேசினாங்க அண்ணி. ஒருத்தர்கூடக் குரலை உசத்தல. பத்திரிகையைக் காட்டினாங்க. யார் திருப்பினதுன்னு கேக்க வரலைம்மா, நீயே உன் கையால நேராக்கிட்டா எல்லாருக்கும் சந்தோஷம்னாங்க."

ஏணியையும் கொண்டுவந்திருந்தார்கள். ஏறினாள். செயலாளரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். கொடியை அவிழ்த்து நேராகக் கட்டியபின், அப்படியே மேலே நின்று சிரிக்கச் சொன்னார்கள். படம் எடுத்தது என் மச்சான். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது, 'நம் தெருவின் ஒற்றுமை' என்ற தலைப்போடு. கீழே வரிசையாகக் கைதட்டல். நானும் ஒரு கைதட்டல் போட்டேன். போடாவிட்டால் கவனிப்பார்கள்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று எழுத வேண்டுமா? குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 16, திங்கள்

சங்கக் கூட்டம். செயலாளர் வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். என் வாழ்நாளில் முதல்முறையாக யோசிக்காமல் எழுந்து நின்றேன்.

"அந்தக் கொடியைத் தலைகீழாக் கட்டினது என் மச்சான். நான் பாத்தேன்."

சிரித்தார்கள்.

"எங்க இருந்து சார் பாத்தீங்க?"

"குளியலறையில இருந்து."

ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். மச்சான் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்தான். "அத்தானுக்கு அடுத்த வாரத்துக்கு விஷயம் கிடைச்சிடுச்சு."

"தமாஷ் இல்லைங்க. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. அவகிட்ட எல்லாரும் போய் மன்னிப்புக் கேக்கணும்."

முகத்தை வேறு உர்ரென்று வைத்துக்கொண்டேனா, அதுதான் தப்பாகப் போய்விட்டது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வாயைத் திறந்தாலே போதும் சார், வயிறு வலிக்குது" என்றார். அடுத்து குப்பைத் தொட்டி விவகாரத்துக்குப் போய்விட்டார்கள்.

மெனக்கெட்டு, ராப்பகலாக உழைத்து, இந்தப் பெயரை வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

மச்சான் தனியாக வந்தான். சிரிப்பு இல்லை.

"நான்தான் தலைகீழாக் கட்டினேன்னு எனக்கும் தெரியும் அத்தான். மறுநாளே பாத்துட்டேன். திரும்ப ஏறி மாத்தினா நான் செஞ்சதுன்னு ஆயிடும்ல?"

"அவளை ஏத்தும்போதாவது சொல்லியிருக்கலாமேடா."

"நீங்களும்தான் இருந்தீங்க. தண்ணிச் சத்தம் கேட்டுச்சே."

போகும்போது, "அக்காகிட்ட சொல்லாதீங்க" என்றான். எதை என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பிசியோவின் மகள் பள்ளிக்கூடம் போவதை இந்த வாரம் முழுக்கக் கவனித்தேன். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் நின்று, கொடிக்கு வணக்கம் வைத்துவிட்டு, அடுத்த கம்பத்துக்குப் போகிறாள். முதுகில் பை. விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டுக்கு முகம் அப்படி இருக்காது.

"யார்மா சொல்லிக்கொடுத்தாங்க?"

"அம்மா. யாராவது பாத்துக்கிட்டு இருப்பாங்களாம்."

செயலாளர் வாசலில் நின்றுகொண்டு நெகிழ்ந்துபோனார். "பாருங்க சார், இந்த வயசுலயே என்ன மரியாதை!" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அதுதான் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் ஒரு பத்தி எழுதி முடித்துவிடலாம். மனுஷன் உண்மையிலேயே சந்தோஷப்படுகிறார்.

மார்ச் 26, வியாழன்

வேறு தெருவிலிருந்துகூட அவளிடம் வைத்தியத்துக்கு வருகிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். "பேரும் புகழும் வந்தாச்சு, இனி எங்க போகப்போறே" என்று வேடிக்கையாகக் கேட்டேன். தலையை இடதுபக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். சுவர் தெரிந்தது.

மார்ச் 31, செவ்வாய்

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கு, மகளுக்குப் பள்ளிக்கூடம் தூரம் என்றாளாம். பள்ளிக்கூடம் தெருமுனையில் இருக்கிறது.

ஏப்ரல் 4, சனி

லாரி வந்தது. கட்டில், இரண்டு மேசை, பெட்டிகள், ஒரு சைக்கிள். தெருவே உதவியது. செயலாளர் கண்ணாடிச் சாமானைத் தானே சுமந்தார். மச்சான் கட்டிலைத் தலைமேல் வைத்துக்கொண்டு போனான். ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் நல்லவர்களாக இருந்து ஒருத்தியைக் கிளப்பிவிட்டோம்.

ஏதாவது சொல்லவேண்டும் என்று போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவள் எதிரே நின்றதும் வாய் தன் பாட்டுக்கு, "என் கழுத்தை யார்கிட்ட குடுத்துட்டுப் போறே?" என்றது. சிரித்தாள். வழக்கமாக என் தமாஷுக்குச் சிரிக்கிற சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பு எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? படத்தில் ஏணிமேல் நின்று சிரித்ததும் இதே சிரிப்புத்தானே?

என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் லாரியைப் பின்னால் எடுக்க வழி சொல்லிக்கொண்டிருந்தேன். வா, வா, வா, போதும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பத்தி அனுப்பவில்லை. உடம்பு சரியில்லை என்றேன். "அதையே வச்சு எழுதுங்க" என்றார் ஆசிரியர்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கொடிகள் கிழிய ஆரம்பித்துவிட்டன. சில இடத்தில் பாதிதான் மிச்சம். அவிழ்க்க யாருக்கும் தைரியம் இல்லை, செயலாளருக்கே இல்லை. "இப்ப அவுத்தா என்ன நினைப்பாங்க சார்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். யார் நினைப்பார்கள்? பயமுறுத்தியவரே பயந்துகொண்டிருக்கிறார். இந்தத் தெருவில் நாங்கள் எல்லோரும் அந்தத் துணிக்குக் கீழேதான் மூச்சுவிடுகிறோம். நானும்தான். வாசலை விட்டு இறங்கினாலே தோள் குறுகிவிடுகிறது. இதைத்தான் எழுதப்போகிறேன், தமாஷ் இல்லாமல்.

எழுதினேன். திரும்பப் படித்தால் மூன்றாவது பத்தியில் ஒரு தமாஷ் உட்கார்ந்திருக்கிறது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. கிழித்துப் போட்டேன்.

மே 2, சனி

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். நலமாம். மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதாம். கழுத்து எப்படி என்று அவள்தான் முதலில் கேட்டாள். மோவாயை உள்ளே இழுத்து மெதுவாகத் திருப்புங்கள், அவசரப்படாதீர்கள் என்றாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு திருப்பினேன்.

பத்தியைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். இந்தமுறை வாய் ஒத்துழைத்தது. "பரவாயில்ல அண்ணா" என்றாள். அதோடு வைத்திருக்கலாம். நான் விடவில்லை. கிழித்துப்போட்ட கட்டுரையை அப்படியே ஒப்பிக்க ஆரம்பித்தேன். "உனக்கு மட்டும் இல்லம்மா. நாங்க எல்லாருமே இங்க அப்படித்தான் இருக்கோம். காலையில கதவைத் திறந்தா அதுதான் முன்னாடி நிக்குது, யார் வாசல்னு பாக்குதா அது—"

கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, கழுத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"உங்க வாசல்ல கம்பமே இல்லையே அண்ணா."

போனை வைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லாக் கம்பமும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கின்றன. எங்கள் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது.